காகிதப் பலகைக்கு விதி எழுதும் பேரனுக்கு

திருக்கடையூர்,
ஆவணி 14.

சிரஞ்சீவி குமரனுக்குத் தாத்தாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதமும், அதனோடு நீ வைத்திருந்த நான்கு பக்க விதித்தொகுப்பும் வெள்ளிக்கிழமை தபாலில் வந்து சேர்ந்தன. காகிதத்தையும் அட்டையையும் மட்டுமே கொண்டு, ஓர் ஆள் நின்றுகொண்டு காற்றின் போக்கில் செலுத்தக்கூடிய பாய்ப்பலகை செய்து, கல்லூரிக் குளத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடக்க வேண்டும் என்று உங்கள் மாணவர் மன்றத்தார் ஒரு போட்டி ஏற்பாடு செய்திருப்பதும், அதற்கு விதி வகுக்கும் பொறுப்பை உன் தலையில் வைத்திருப்பதும் அறிந்து மிகவும் சந்தோஷப்பட்டேன். உன் அப்பன் இதைக் கேட்டுச் சிரித்தானாம். சிரிக்கட்டும், அவனுக்கு எட்டு வயதில் கப்பல் மடிக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான் என்பதை மட்டும் ஞாபகப்படுத்து.

காகிதத்தில் மனிதன் ஏறிப் போவது பைத்தியக்காரத்தனம் என்று சொல்கிறவர்களுக்கு நீ சரித்திரத்தைக் காட்டலாம். அமெரிக்காவில் டிராய் என்ற ஊரில் வாட்டர்ஸ் என்ற தகப்பனும் மகனும், மர அச்சின்மேல் காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, காய்ந்தபின் அச்சை நீக்கி, நீர் புகாத பூச்சுப் பூசிப் பந்தயப் படகுகளைச் செய்து விற்றார்கள். அவர்கள் செய்த 14 அடி நீளமும் 58 பவுண்டு எடையும் உள்ள காகிதத் தோணி ஒன்றில்தான் நத்தானியேல் பிஷப் என்பவர் 1874-75-இல் துடுப்புப் போட்டே புளோரிடாவின் மெக்ஸிகோ வளைகுடாக் கரை வரை போய்ச் சேர்ந்து, அந்தப் பிரயாணத்தைப் புஸ்தகமாகவும் எழுதினார். அதற்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1974-இல், தெற்கு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஆர்ச்சர் என்ற ஆசிரியர், வடிவமைப்பு கற்க வந்த மாணவர்களுக்கு ஆண்டிறுதித் தேர்வாகவே அட்டைப் படகு செய்து ஏரியில் செலுத்தச் சொன்னார்; இன்று பல ஊர்களில் நடக்கும் அட்டைப் படகுப் பந்தயங்களுக்கு அந்தத் தேர்வே மூலம்.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து பஸ்ஸில் ஏறினால், அரை மணி நேரத்தில் பொறையாறு வந்துவிடும். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் எழுத்தில் அச்சடிக்க முனைந்தபோது, கப்பலில் வரும் காகிதம் போதாமல், பொறையாற்றுப் பக்கத்திலேயே காகிதம் செய்யும் பட்டறை ஒன்று தொடங்கப்பட்டது. பட்டறை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்ற பெயர் நின்றுவிட்டது. முந்நூறு வருஷமாகக் காகிதத்தின் பெயரைச் சுமந்துகொண்டிருக்கும் மண்ணுக்கு அண்டையில் பிறந்தவன் காகிதப் பலகைக்கு விதி எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இனி உன் விதிகளுக்கு வருகிறேன். மொத்தம் முப்பத்தொன்று எழுதியிருக்கிறாய். அவற்றில் பத்தொன்பது 'கூடாது' என்று முடிகின்றன. ஏன் கூடாது என்பது ஒன்றில்கூட இல்லை. இந்த விஷயத்தில் உன்னைக் கண்டிக்க எனக்கு யோக்கியதை உண்டா என்று கேட்டால், நான் ஒரே ஒரு விதியை மோசமாக எழுதி அவமானப்பட்டவன் என்பதுதான் என் யோக்கியதை.

நான் விஞ்ஞான ஆசிரியனாக இருந்த காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் காகிதப் படகுப் போட்டி வைத்தேன். 'படகு காகிதத்தால் ஆனதாக இருத்தல் வேண்டும். ஒரு படி மணலைச் சுமந்து கால்மணி நேரம் மிதத்தல் வேண்டும்' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டதோடு என் கடமை முடிந்ததென்று நினைத்தேன். ஒரு பையன், பழைய நாட்காட்டித் தாள்களைப் பசையிட்டு ஒட்டி, மெழுகுவத்தியை உருக்கித் தடவி, மிகுந்த பிரயாசையோடு ஒரு படகு செய்து வந்தான். அது ஒன்பதாவது நிமிஷத்தில் மெதுவாக மூழ்கிற்று. மற்றொருவன் கொண்டுவந்த படகு அசையாமல் நின்றது. அவனுக்கே முதற்பரிசு கொடுத்தேன். மறுநாள் அவனே என்னிடம் வந்து, "சார், உள்ளே தெர்மாக்கோல், மேலேதான் பேப்பர் ஒட்டினேன்" என்று, எள்ளளவும் குற்ற உணர்ச்சி இல்லாமல், தன் யுக்தியை விளக்கிக் காட்டினான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் என் வாக்கியத்தை மீறவில்லை. என் வாக்கியம்தான் நான் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. நாட்காட்டித் தாளில் ஒன்பது நிமிஷம் கண்ட பையன் ஒன்றும் சொல்லாமல், நனைந்த படகை உதறி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனதைத்தான் இன்றுவரை மறக்க முடியவில்லை.

ஆகையால் முதலில் உன் போட்டி கேட்கும் கேள்வியை நிர்ணயம் செய்துகொள். தண்ணீருக்குச் சத்துருவான ஒரு பொருளைத் தண்ணீரின்மேல் எவ்வளவு நேரம் நிலைக்கச் செய்யலாம் என்பதே கேள்வி. காகிதம் என்பது என்ன? வைக்கோலோ, மூங்கிலோ, கரும்புச் சக்கையோ, ஏதோ ஒன்றின் நார்களைத் தண்ணீரில் கூழாக்கிப் பரப்பி உலர்த்தியது. நம் காவிரியின் மேற்கே கரூர்ப் பக்கத்துக் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். உலரும்போது நாரும் நாரும் தழுவிக்கொள்வதே காகிதத்தின் பலம். தண்ணீர் இடையே புகுந்தால் அந்தத் தழுவல் விட்டுப்போகிறது. அட்டைப்பெட்டியின் நெளியையும் தாளையும் சேர்த்துப் பிடிப்பதோ கஞ்சிமாவுப் பசை; அதுவும் நனைந்தால் இளகும். இந்தச் சுபாவத்தோடு போராடுவதுதான் போட்டி என்று தெரிந்தால், எதை அனுமதிக்கலாம், எதை விலக்கலாம் என்பது தானே விளங்கும். மெழுகும் வார்னிஷும் பூசலாம், ஏனென்றால் அவை காகிதத்தைக் காகிதமாகவே காக்கின்றன. பிளாஸ்டிக் உறை போடலாகாது, ஏனென்றால் அப்போது மிதப்பது உறையே தவிரக் காகிதம் அன்று. இப்படி ஒவ்வொரு விதிக்கும் பின்னால் 'ஏனென்றால்' என்று ஒரு வாக்கியம் எழுதிப் பார். அப்படி எழுத வராத விதியை அடித்துவிடு. போட்டி முடிந்தபின் பரிசு பெறும் பலகையை நடுவர் முன்னிலையில் அறுத்துக் காட்ட வேண்டும் என்று மட்டும் ஒரு விதியை மறவாமல் சேர். எனக்கு அது அன்றைக்குத் தோன்றாமற் போயிற்று.

இரண்டாவது, காகிதத்தால் செய்ய முடியாததைச் செய் என்று கேளாதே. சாதாரணப் படகுக்கும் பாய்ப்பலகைக்கும் உள்ள வித்தியாசம் பாய்மரத்தின் அடியில் இருக்கிறது. பென்ஸில்வேனியாக்காரரான நியூமன் டார்பி 1964-இல் கையால் பிடித்துச் சாய்க்கும் பாயோடு ஒரு பலகை செய்தார்; கலிபோர்னியாவில் ஜிம் டிரேக்கும் ஹாயில் ஷ்வைட்ஸரும் எத்திசையும் திரும்பும் மூட்டு ஒன்றைப் பாய்மரத்தின் அடியில் வைத்து, 1970-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள்; 1984-இல் அந்த விளையாட்டு ஒலிம்பிக்கிலும் ஏறிவிட்டது. சுக்கான் இல்லை, பாயை முன்னே சாய்த்தால் பலகையின் மூக்கு காற்றை விட்டு விலகும், பின்னே சாய்த்தால் காற்றை நோக்கித் திரும்பும். அந்த மூட்டு ஒன்றை ரப்பர்க் குழாய்த் துண்டால் செய்துகொள்ள அனுமதி கொடு. கட்டுவதற்குச் சணல் கயிறும் கொடு. பாய்மரத்துக்கு ஜவுளிக்கடைகளில் துணி சுற்றி வரும் கெட்டி அட்டைக் குழாய் போதும்; பாய்க்குப் பழுப்புச் சிப்பத்தாளை இரட்டையாக ஒட்டினால் இளங்காற்றுக்குத் தாங்கும். அனுமதிக்கும் பிறபொருள்களை எண்ணிக்கையோடு எழுதிவிட்டால், விலக்கும் பொருள்களின் ஜாபிதாவே வேண்டியதில்லை.

பலகையின் அளவைப் பற்றி மேலெல்லைதான் வேண்டும். கீழெல்லையைத் தண்ணீரே விதித்துவிடும். எட்டடி நீளமும், இரண்டரையடி அகலமும், நான்கு அங்குலக் கனமும் உள்ள பலகை முழுவதும் அமிழ்ந்தால் சுமார் 189 லிட்டர் நீரை விலக்கும். ஆளும் பலகையும் பாயும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்தால், பலகை இரண்டங்குலத்துக்கும் குறைவாகவே அமிழும். இது உலர்ந்த கணக்கு. அட்டை குடிக்கும் தண்ணீர் நிமிஷத்துக்கு நிமிஷம் எடையாக ஏறுவதே உண்மையான கணக்கு. ஆகவே பலகையைக் குளத்தில் இறக்குமுன் ஒருமுறை, கரையேறியபின் ஒருமுறை நிறுத்துப் பார்க்க ஏற்பாடு செய். இரண்டு எடைக்கும் உள்ள வித்தியாசமே அது குடித்த நீர். முதலில் கரையேறியவனுக்கு ஒரு பரிசு என்றால், குறைவாக நீர் குடித்த பலகைக்கும் சமமாக ஒரு பரிசு வை. அதிலேதான் கைத்திறன் தெரியும்.

நம் கடற்கரைக்காரர்கள் இதை நெடுங்காலமாக அறிவார்கள். சின்னங்குடிக் கரையில் நான் சிறுவனாகப் பார்த்த கட்டுமரங்கள், கரையேறியவுடன் கட்டவிழ்க்கப்பட்டு, மரம் தனித்தனியாக மணலில் வெயில் காயும். நீர் குடித்த மரம் மறுநாள் கனக்கும் என்பதே காரணம். பக்கச்சுவர் இல்லாமல், அலை மேலேறி வழிய, ஆள் நின்று செலுத்தும் அந்தக் கட்டுமரமும் ஒருவிதத்தில் பாய்ப்பலகைதான். இப்போது அங்கே பெரும்பாலும் பைபர் படகுகளே நிற்கின்றன. உன் சிநேகிதர்களை அழைத்துக்கொண்டு ஒருநாள் வா. கட்டுமரம் ஓட்டிய பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எங்கே காலை ஊன்றினால் மரம் புரளாது என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். அது கூடாவிட்டால், வீட்டிலிருக்கும் தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை எத்தனை தடவை தள்ளினாலும் ஏன் எழுந்து உட்காருகிறது என்று யோசி. கனம் அடியில் இருக்க வேண்டும். பாய் எவ்வளவு உயரலாம் என்ற விதியை அதிலிருந்து வகுத்துக்கொள்.

நாளையும் நேரத்தையும் பற்றி ஒரு வார்த்தை. புரட்டாசியில் வைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய், வேண்டாம். ஐப்பசி அடைமழை கழிந்து, வாடையின் வேகமும் தணிந்து, குளம் நிறைந்திருக்கும் தை மாதத்தின் முற்பகுதியே உத்தமம். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-இல் மூடிவிட்டால் வாய்க்காலில் வரத்து நின்று, குளத்தில் நீர் இறங்கத் தொடங்கும் என்பதையும் நினைவில் வை. நடுப்பகலுக்குமேல் கடற்காற்று ஏறும். முதன்முறை பாய் பிடிக்கும் பிள்ளைகளுக்குக் காலை நேரத்துக் காற்றே போதும். நீந்தத் தெரியாதவன் ஏறலாகாது என்பதற்கும், மிதவைச் சட்டை அணியாதவனுக்கு அனுமதி இல்லை என்பதற்கும் 'ஏனென்றால்' எழுத வேண்டியதில்லை. அவ்விரண்டையும் விதித்தாளின் தலைப்பிலேயே போடு. நீச்சலில் தேர்ந்த இருவர் காற்று நிரப்பிய லாரி டியூபோடு குளத்திற்குள்ளேயே இருக்கட்டும்.

அமெரிக்கப் பந்தயங்களில் மிக அழகாக மூழ்கிய படகுக்கு டைட்டானிக் பெயரால் ஒரு பரிசு கொடுக்கும் வழக்கம் உண்டு. அதை நீயும் ஏற்றுக்கொள். பெயரை மட்டும் மாற்றி, மூழ்கியவன் தன் பலகை எந்த இடத்தில், எதனால் விட்டுப்போயிற்று என்று சபையில் எழுந்து சொன்னால்தான் பரிசு என்று வை. என் பழைய மாணவன் ஒருவனுக்கு அன்றைக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கத் தவறினேன்.

அட்டைக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். அறுபதும் எண்பதும் கொண்டாட இவ்வூருக்கு வருகிறவர்களின் பட்சணங்களும் பாத்திரங்களும் வந்திறங்கும் ஐந்தடுக்குப் பெட்டிகள் சன்னதித் தெருவில் தினமும் குவிகின்றன. இதை எழுதும்போதும் ஒரு சதாபிஷேகத்து நாதஸ்வரம் கேட்கிறது. மடிப்பு விழாத பெட்டிகளாகப் பார்த்துத் திண்ணையில் அடுக்கி வைத்திருக்கிறேன். மழைச்சாரல் படாமல் உன் பாட்டி தார்ப்பாய் போட்டிருக்கிறாள்.

கடைசி விதியைப் பாட்டி சொல்லச் சொன்னாள். போட்டி முடிந்தபின் நனைந்த பலகைகளைக் குளக்கரையில் போட்டுவிட்டுப் போகக் கூடாதாம். மெழுகும் வார்னிஷும் படாத உள்தாளாகப் பிரித்து, ஒரு மூட்டை கட்டி இங்கே அனுப்ப வேண்டுமாம். வெந்தயத்தோடு ஊறவைத்து உரலில் இடித்துக் கூழாக்கி, பொத்தல் விழுந்த மூங்கில் முறத்துக்கும் கூடைக்கும் மெழுகப் போகிறாள். கடையில் வாங்கிய காகிதத்தை ஊறவைக்க இரண்டு நாள் பிடிக்கிறதென்றும், உங்கள் பலகைகள் ஊறியே வருமாதலால் அந்தச் சிரமம் மிச்சம் என்றும் சொல்கிறாள்.

விதிகளைப் பன்னிரண்டுக்குள் அடக்கி மறுபடி எழுதி அனுப்பு.

இப்படிக்கு,
ஆசீர்வாதத்துடன்,
உன் தாத்தா.