முதல் செலவு மொட்டை மாடிக்கு

புது வீடு கட்டுகிறவர்கள் கம்பி எத்தனை எம்.எம்., சிமென்ட் என்ன கிரேடு, டைல்ஸ் எங்கே மலிவு என்று மாதக்கணக்கில் விசாரிக்கிறார்கள். மே மாத இரவில் மாடி அறையில் தூங்க முடியுமா என்று இன்ஜினியரிடம் கேட்பவர்கள் குறைவு. கேட்டாலும் பதிலாக வருவதில் பாதி, வாய்வழியாக வந்த நம்பிக்கைகள்தான்.

நம்பிக்கை: இன்சுலேஷன் எல்லாம் குளிர் நாட்டுச் சமாச்சாரம்.

இன்சுலேஷனுக்கு ஒரே வேலைதான். சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு வெப்பம் போவதைக் குறைப்பது. ஜெர்மனியில் உள்ளே மூட்டிய சூட்டை வெளியே விடாது; மதுரையில் வெளியே காயும் வெயிலை உள்ளே விடாது.

நம் நாட்டிலும் இதற்கு அளவுகோல் உண்டு. மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் 2018 டிசம்பரில் குடியிருப்புகளுக்கென்றே ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற விதித்தொகுப்பைக் கொண்டுவந்தது. கூரையின் யு-மதிப்பு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது அது. உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருக்கும்போது, ஒரு சதுர மீட்டர் வழியாக எத்தனை வாட் வெப்பம் இறங்குகிறது என்பதே யு-மதிப்பு. 6 அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு இது 3-க்கு மேல். மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்தாலும் 2-க்குக் கீழே இறங்குவது கடினம்.

இதைக் கணக்காகவே போட்டுப் பாருங்கள். 100 சதுர மீட்டர் கூரை, 20 டிகிரி வித்தியாசம். யு-மதிப்பு 3 என்றால் 6,000 வாட் இறங்கும், 1.2 என்றால் 2,400 வாட். மிச்சம் 3,600 வாட். ஒரு டன் ஏசி முழு மூச்சில் ஓடினால் வெளியேற்றும் வெப்பமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

நம்பிக்கை: தளத்தைக் கனமாகப் போட்டால் சூடு இறங்காது.

இறங்கும், தாமதமாக இறங்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட், நாம் படுக்கப் போகும் நேரத்தில் அதைக் கீழே விடுகிறது. இரவு பத்து மணிக்கு ஃபேன் அனல் காற்றை இறைப்பது இதனால்தான். இதற்கு மருந்து இன்னும் இரண்டு அங்குலக் கான்கிரீட் அல்ல. தளத்தின் மேல் வாட்டர்புரூஃபிங் முடித்து, அதன்மேல் ஓர் அங்குல எக்ஸ்பிஎஸ் பலகை பரப்பி, மேலே வாட்டத்தோடு கலவை போட்டு ஓடு பதிப்பதுதான். எக்ஸ்பிஎஸ், தெர்மாகோல் வகையைச் சேர்ந்தது. ஆனால் அதைவிட இறுக்கமானது, தண்ணீரை அவ்வளவாக உறிஞ்சாது. இந்த ஓர் அங்குலமே கூரையை 1.2-க்குக் கீழே கொண்டுவந்துவிடும். பலகைக்கும் பலகைக்கும் இடையே சந்து விடாமல் நெருக்கிப் பதிக்கிறார்களா என்று நீங்களே மாடியேறிப் பார்க்க வேண்டும். சந்து விட்ட இடமெல்லாம் சூட்டுக்கு வழி.

நம்பிக்கை: ஃபால்ஸ் சீலிங் போட்டால் போதும்.

ஜிப்சம் பலகையும் இடையில் நிற்கும் காற்றும் கொஞ்சம் தடுக்கும். ஆனால் அதற்குள் கான்கிரீட் முழுக்கச் சூடேறிவிட்டது. தளம் விரிந்து சுருங்குவதும், அதனால் வரும் விரிசலும் அப்படியேதான் இருக்கும். அழகுக்காகப் போடுங்கள், வெயிலுக்காக வேண்டாம்.

நம்பிக்கை: வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டால் வேறெதுவும் தேவையில்லை.

வெள்ளை நல்லதுதான். குறைந்த செலவில் நிறையப் பலன் தருவது அதுவே. கையில் காசு இல்லையென்றால் அதையாவது செய்யுங்கள். ஆனால் தூசியும் பாசியும் படிந்தால் திருப்பி அனுப்பும் வெயில் குறைந்துவிடும், மறுபடி அடிக்க வேண்டும். இன்சுலேஷன் போட்டு, மேலே வெள்ளை ஓடும் பதித்தால் இரண்டு பலனும் சேரும்.

நம்பிக்கை: வடக்குச் சுவரில் வெயில் படாது.

தமிழ்நாட்டில் இது பொருந்தாது. சென்னை இருப்பது ஏறக்குறைய வடக்கு 13 டிகிரியில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். மேற்கு ஜன்னலின் கதை வேறு. சாயங்கால வெயில் தாழ்வாக வருவதால் இரண்டடி சன்ஷேடு அதை மறிக்காது. அங்கே ஜன்னலைச் சிறிதாக்குங்கள். வெளியே செங்குத்துத் தடுப்போ மூங்கில் தட்டியோ வையுங்கள். உள்ளே திரை போட்டால் கண் கூசாது, அவ்வளவுதான். கண்ணாடியைத் தாண்டிய வெப்பம் வீட்டுக்குள் வந்தது வந்ததுதான்.

நம்பிக்கை: இன்சுலேஷன் போட்டால் வீடு புழுங்கும்.

புழுக்கத்துக்குக் காரணம் கூரை அல்ல, திறக்காத ஜன்னல். சென்னை போன்ற வெப்ப ஈரப்பத ஊர்களுக்கு, வீட்டின் கார்பெட் ஏரியாவில் ஆறில் ஒரு பங்காவது வெளிப்புறம் திறக்கும் பரப்பு வேண்டும் என்கிறது அதே விதித்தொகுப்பு. 600 சதுர அடி வீடென்றால் 100 சதுர அடி. பால்கனிக் கதவையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம். ஸ்லைடிங் ஜன்னலில் ஏமாந்துவிடாதீர்கள். எவ்வளவு அகலமாக வைத்தாலும் இரண்டு கதவு ஸ்லைடிங்கில் பாதிதான் திறக்கும்.

நம்பிக்கை: ஃபைவ் ஸ்டார் ஏசி வாங்கினால் கரண்ட் பில் குறையும்.

ஸ்டார் மெஷினுக்குத்தான், வீட்டுக்கு அல்ல. கூரை சூட்டை இறக்கிக்கொண்டே இருந்தால் ஃபைவ் ஸ்டாரும் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

நம்பிக்கை: இந்த விதியெல்லாம் அபார்ட்மென்ட்டுக்கு, தனி வீட்டுக்கு இல்லை.

சட்டக் கணக்கில் இது பெரும்பாலும் சரி. 2018 விதித்தொகுப்பு 500 சதுர மீட்டர், அதாவது இரண்டே கால் கிரவுண்டு அளவுக்கு மேற்பட்ட மனைகளை மனதில் வைத்து எழுதப்பட்டது. அரை கிரவுண்டில் கட்டுகிறவரை யாரும் வந்து கேட்கப் போவதில்லை. ஆனால் அடுக்குமாடியில் கூரை வெயில் மேல்தளத்துக்காரருக்கு மட்டும்தான். தனி வீட்டில் கூரை முழுவதும் உங்கள் தலைமேல். அந்த 1.2 யாரைவிடவும் உங்களுக்குத்தான் தேவை.

தட்டோடு பதித்தபின் இன்சுலேஷன் போட வேண்டுமானால் உடைக்கக் கூலி, மறுபடி பதிக்கக் கூலி என்று செலவு இரட்டிக்கும். ஆகவே மேஸ்திரி மாடியில் ஜல்லி கொட்டுவதற்கு முன்பே இன்ஜினியரிடம் கூரையின் யு-மதிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். பலகையின் கனத்தையும் எஸ்டிமேட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.