மேளமும் ஒலிபெருக்கியும்

ஆலயத் திருவிழாக்களிலே நாதஸ்வரமும் தவிலும் மங்கல இசையாகப் போற்றப்படுவதை அடியார்கள் அறிவர். அந்த இசை இன்று பெரும்பாலும் நமது செவிக்கு நேரே வந்து சேர்வதில்லை. வித்துவானுக்கும் நமக்கும் இடையே ஒலிவாங்கி, அம்பிளிபயர், ஒலிபெருக்கி என்பனவும் அவற்றை இயக்கும் ஒருவரும் இருக்கின்றனர். மேடைக்கும் அந்த ஒருவருக்கும் இடையே எழும் மனக்கசப்பு பல கோயில்களில் காணக்கூடியதே. “தம்பி, சுருதி கேக்கேல்லை, கொஞ்சம் கூட்டும்” என்பார் வித்துவான். “இதுக்கு மேலே கூட்டினால் கூவும் ஐயா” என்பார் ஒலிபெருக்கிக்காரர். கூட்டுவார், கூவும். சபையோர் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது ஒலிபெருக்கிக்காரரைத்தான். யாரிடத்தில் பிழை என்று தீர்ப்புக் கூறுமுன் இக்கூவல் எவ்வாறு உண்டாகின்றது என்பதை நோக்குவோம்.

ஒலிபெருக்கியில் இருந்து வெளிவரும் ஓசை மீண்டும் ஒலிவாங்கிக்குள் புகுகின்றது. அது பெருக்கப்பட்டு வெளிவந்து மறுபடியும் புகுகின்றது. இச்சுற்று ஓர் எல்லையைக் கடந்ததும் ஒரே சுருதியில் வீரிடும். எனவே எந்த மேடையிலும் கூட்டக்கூடிய அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. விலை கூடிய கருவி வாங்கினாலும் அவ்வரம்பு முற்றாக நீங்காது. திறந்திருக்கும் ஒலிவாங்கிகளின் தொகை இருமடங்காகும் ஒவ்வொரு தடவையும் அவ்வரம்பு 3 டெசிபல் குறையும். ஒலி பிறக்கும் இடத்துக்கும் ஒலிவாங்கிக்கும் இடையிலான தூரத்தைப் பாதியாக்கினால் ஏறத்தாழ 6 டெசிபல் கிடைக்கும். அதாவது, பாடுபவர் இரண்டடித் தூரத்தில் இருந்து ஓரடிக்கு நெருங்கி வருவது, திறந்திருந்த நான்கு ஒலிவாங்கிகளில் மூன்றை மூடிவிடுவதற்குச் சமமாகும். வாய்ப்பாட்டுக்காரர் பலர் உணர்ச்சி மேலிடும்போது பின்னால் சாய்ந்து பாடுவர். சாய்ந்த பின்னர்தான் “கூட்டு” என்று கைகாட்டுவர்!

நாதஸ்வரத்தின் கதை வேறு. அதன் நாதம் முன்னுள்ள அணசின் வழியாக மாத்திரம் வருவதன்று. விரல் துளைகளின் வழியாகவும் வருகின்றது. அணசின் வாயிலே ஒலிவாங்கியைச் சொருகினாற்போல் நிறுத்தினால் சில சுரங்கள் குத்தும், சில சுரங்கள் மங்கும். இரண்டு மூன்று அடி தள்ளிச் சற்றுப் பக்கமாக வைப்பதே முறையாகும். தவிலிலே வலந்தலையைக் கூடு அணிந்த விரல்களாலும் தொப்பியைக் கழியாலும் வாசிப்பர். கோபுரத்திலும் மரங்களிலும் கட்டப்படும் கூம்பு ஒலிபெருக்கி தாழ்ந்த ஓசைகளைத் தருவதில்லை. ஆகவே தொப்பியின் கும்காரம் வழியிலேயே தொலைந்து, வலந்தலையின் படபடப்பு மாத்திரம் ஊருக்குக் கேட்கின்றது. இதற்கு மாறாகப் பெட்டி ஒலிபெருக்கி வைப்போரிற் சிலர் சினிமாப் பாட்டுக் குழுவுக்குப் பழகிய கையினராதலால், தாழ்ந்த ஓசையை அளவுக்கு மீறி ஏற்றி மிருதங்கத்தைப் பறையாக்கி விடுகின்றனர். யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்ற தவில் மேதையைத் தந்த மண்ணிலே, இந்த வேறுபாட்டை உணரும் செவிகள் கிராமந்தோறும் இருக்கின்றன. வித்துவான்களின் கோபத்தில் நியாயம் இருப்பது இவ்விடத்திலேதான்.

ஆயினும் சிக்கலின் வேர் இவ்விருவரும் இருக்கும் இடத்திலே உள்ளது என்பது எனது எண்ணம். வித்துவான் ஒலிபெருக்கிக்குப் பின்னால் இருக்கின்றார். அவருக்குக் கேட்பது மண்டபச் சுவரில் மோதித் திரும்பும் மங்கிய ஓசையே. ஒலிபெருக்கிக்காரரோ வயர்களுக்கு நடுவே மண்டபத்தின் ஒரு மூலையிலோ ஜெனரேற்றருக்குப் பக்கத்திலோ அமர்த்தப்படுகின்றார். சபையோருக்குக் கேட்பது இருவருக்கும் கேட்பதில்லை. ஆனால் சபையோருக்காகத் தீர்மானிப்பவர்கள் இவர்களே. வித்துவானை நோக்கிய சிறிய ஒலிபெருக்கி ஒன்றை மேடையில் வைப்பதும், ஒலிபெருக்கிக்காரரின் மேசையைச் சபையின் நடுப்பகுதிக்கு மாற்றுவதும் பாதிப் பிணக்கைத் தீர்க்கும். நடுவிலே வயர் இழுத்தால் அடியார்கள் தடக்கி விழுவர் என்று பரிபாலன சபையினர் அஞ்சுவது இயல்பே. வயரின் மேல் பாயை விரித்து ஒட்டிவிட்டால் அந்த அச்சமும் குறையும்.

சுவாமி வீதியுலா வரும்போது வேறொரு தொல்லை நேர்கின்றது. ஒலி ஒரு விநாடியில் ஏறத்தாழ 340 மீற்றர் செல்லும். மேளத்துக்கு 34 மீற்றர் தள்ளித் தொங்கும் கூம்பின் ஓசை பத்தில் ஒரு விநாடி பிந்தியே வாசிப்பவரிடம் திரும்பி வரும். விரைந்த நடையில் அவ்வளவு நேரமே ஒரு சொல்லுக்குப் போதுமானது. தமது வாசிப்பே தம்மைத் துரத்தும்போது தாளம் போடுபவர் தடுமாறாமல் என்ன செய்வார்? நாதஸ்வரமும் தவிலும் திறந்த வெளிக்கென்றே வளர்ந்த வாத்தியங்கள். உள்வீதியில் அவற்றுக்கு ஒலிவாங்கி தேவையே இல்லை என்று துணிந்து கூறுவேன். வாய்ப்பாட்டின் நிலை அதுவன்று. 1930களில் கர்நாடக இசை அரங்குகளில் ஒலிவாங்கி பரவுமுன் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டி உயர்ந்த சுருதியில் பாடினர். பின்னரே தாழ்ந்த சுருதியும் மென்மையான கமகமும் மேடையேறின. ஒலிவாங்கியை நம்பி வளர்ந்த பாட்டுக்கு அதைப் பிடுங்கிவிட முடியாது.

ஒலிபெருக்கிக்காரரின் பக்கத்தையும் சொல்லாமல் விடலாகாது. வித்துவானுக்குப் பொன்னாடை உண்டு. கொடியேற்றத்துக்கு முன்னரே வந்து கம்பம் நட்டு, கடைசியில் வயர் சுருட்டிப் போகிறவருக்கு அது கிடைப்பது அரிது. 85 டெசிபலுக்கு மேற்பட்ட ஓசையில் நாள்தோறும் எட்டு மணி நேரம் இருப்பவரின் செவிப்புலன் காலப்போக்கில் பாதிக்கப்படும் என்கின்றனர் மருத்துவர். திருவிழா நாட்களில் இவர் இருப்பதும் அத்தகைய ஓசையிலேதான்.

2007 நவம்பரில் நமது நாட்டின் உயர் நீதிமன்றம், விசேட அனுமதி பெற்ற வைபவங்கள் தவிர, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கலாகாது என்று பணித்தது. அதன் பின்னர் விடிய விடியக் கச்சேரி என்பது அருகி, நேரம் நெருக்கடியானது. பூசை பிந்தும், ஆசியுரைகள் நீளும். இவற்றில் எதையும் குறைக்க முடியாமல், கச்சேரிக்கு முன் அரை மணி நேரம் ஒலியைச் சரிபார்ப்பதற்கென்று ஒதுக்கியதைத்தான் குறைக்கின்றோம். அதனால் முதலாவது உருப்படியே பரிசோதனையாகி விடுகின்றது. அது பெரும்பாலும் பிள்ளையார் மீது பாடப்படும் கீர்த்தனையாக இருக்கும்.