ஐஸ் ஹவுஸில் ஓர் ஏலம்

சென்னை மெரினா கடற்கரையை நோக்கி வளைந்த முகப்புடன் நிற்கும் விவேகானந்தர் இல்லத்தை அன்பர்கள் பலர் தரிசித்திருப்பார்கள். மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமிஜி 1897 பிப்ரவரியில் ஒன்பது நாட்கள் தங்கிய இடம் அது. சாதகர்கள் ஊன்றிக் கற்க வேண்டிய வேறொரு நிகழ்ச்சியும் அதே வளாகத்தில் 1906-இல் நடந்தது.

பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் 1842-இல் இதைக் கட்டினார். அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டி, மரத்தூளில் பொதியப்பட்டு, மாதக்கணக்கில் கடல் கடந்து இங்கே வந்து சேர்ந்தது. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் முறை பரவியதும் அந்த வாணிபம் நசித்தது. வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார் கட்டடத்தை வாங்கி, தாழ்வாரங்கள் அமைத்து, நீதிபதி கெர்னனின் நினைவாக ‘காஸில் கெர்னன்’ என்று பெயரிட்டார்.

சுவாமிஜி அனுப்பிய சசி மகராஜ், அதாவது சுவாமி ராமகிருஷ்ணானந்தர், சிறிது காலம் அருகில் ஒரு வீட்டில் தங்கியபின் இங்கே குருதேவரின் பூஜையைத் தொடர்ந்தார். பக்தியாகிய குளிரில் அருவக் கடல் உருவமாக உறைகிறது என்பது குருதேவரின் உவமை. அந்தப் பூஜை பனிக்கட்டிக் கிடங்கில் நடந்ததை எண்ணினால் புன்னகை வருகிறது.

ஐயங்கார் 1902-இல் காலமானார். 1906-இல் மாளிகை ஏலத்திற்கு வந்தது. அன்பர் ஒருவரே வாங்கினால் மடம் பிழைக்குமே என்று பக்தர்கள் தவித்தனர். சசி மகராஜோ வளாகத்தில் ஒரு பெஞ்சில் அமைதியாக அமர்ந்திருந்தார். ஏலத்தின் போக்கைப் பதைப்புடன் வந்து சொன்னவரிடம், யார் வாங்கினால் நமக்கென்ன, குருமகராஜுக்கு ஒரு சிறு அறை போதும், நான் எங்கும் இருந்துகொள்வேன் என்ற பொருள்படப் பேசினார்.

இதை அலட்சியம் என்று கொள்ளலாகாது. புழுக்கமான இரவுகளில் குருதேவரின் படத்திற்கு விசிறியவர் அவர். எனவே இடத்தைப் பற்றிய கவலையே அவருக்கு இல்லை என்று சொல்ல முடியாது. அந்தக் கவலையில் ‘எனக்கு’ என்பது மட்டும் இல்லை. வைராக்கியம் என்றால் எதிலும் பற்றின்றி உலர்ந்துபோவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சசி மகராஜின் சொல்லில் அந்த உலர்வு தென்படவில்லை.

மாளிகை வேறொருவர் கைக்குப் போயிற்று. அவர் வளாகத்தின் புறவீட்டிற்குக் குடிபெயர்ந்தார். பூஜையும் அங்கே பெயர்ந்தது. 1907 நவம்பரில் மயிலாப்பூரில் ஓர் எளிய கட்டடம் கிடைக்கும்வரை அங்கேயே இருந்தார். மாளிகையோ பின்னர் அரசிடம் சென்று, சகோதரி சுப்பலட்சுமியின் விதவையர் இல்லத்திற்கு இடமளித்து, 1963-இல் சுவாமிஜியின் பெயரைப் பெற்று, 1997-இல் குத்தகையாக மடத்திடம் வந்தது.