ஒலி செய்யப் பழகுவோம்

நுழையும்முன்

இசைக்கருவி வாங்கச் செல்வோர் அதில் எத்தனை ஒலிகள் உள்ளன என்று கேட்பது வழக்கம். சின்தசைசர் என வழங்கும் ஒலித்தொகுப்பியை வாங்குவோர் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும். நம் செவி அறிந்த ஒலியை இக்கருவியில் நாமே உருவாக்க இயலுமா என்பதே அக்கேள்வி. இக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையையும் பழகும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

செவியே முதல் கருவி

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தென்பெண்ணை ஆற்றங்கரையில் அமைந்த பேரூர் மணலூர்பேட்டை. தை ஐந்தாம் நாள் இங்கு நிகழும் ஆற்றுத் திருவிழாவிற்குத் திருவண்ணாமலையிலிருந்து அண்ணாமலையார் எழுந்தருளித் தீர்த்தவாரி காண்கிறார். நாகசுரமும் தவிலும் முழங்கும் திருவிழாக்களும், ஆர்மோனியம், மிருதங்கம், தாளம், முகவீணை ஆகியவை துணைநிற்கும் தெருக்கூத்தும் இவ்வட்டாரத்தின் இசைச்செல்வங்கள். இத்தகைய ஊரில் வளரும் மாணவர், கண்ணை மூடிக்கொண்டே முகவீணையையும் நாகசுரத்தையும் பிரித்தறிவார். ஒலித்தொகுப்பியைக் கற்பதற்கு இச்செவியறிவே முதற்படி.

கீபோர்டும் ஒலித்தொகுப்பியும்

மெல்லிசைக் குழுக்களில் நாம் காணும் கீபோர்டுகள் பெரும்பாலும் ஆயத்த ஒலிகளைத் தாங்கியவை. பொத்தானை அழுத்தினால் பியானோ ஒலிக்கும். மற்றொன்றை அழுத்தினால் வயலின் ஒலிக்கும். பாட்டுக்கு உடனே துணைநிற்க இவை பெரிதும் உதவும். ஒலித்தொகுப்பியோ மின் அலைகளைத் தோற்றுவித்து, அவற்றை வடித்தும் வளைத்தும் புதிய ஒலியாக்க வழிசெய்யும் கருவி. முன்னது சமைத்த உணவு. பின்னது அடுப்பும் அரிசியும். சமைத்த உணவை நாடுவோர் அடுப்பை வாங்கினால், கருவி ஆறு மாதத்தில் பரணில் ஏறிவிடும். ஆகவே நம் தேவை எது எனத் தெளிவதே தேர்வின் தொடக்கம்.

இந்தியாவில் ஒலித்தொகுப்பி

அமெரிக்கப் பொறியாளர் இராபர்ட் மூக் 1964இல் தம் ஒலித்தொகுப்பியை அறிமுகப்படுத்தினார். ஐந்தே ஆண்டுகளில், 1969இல், அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் டேவிட் டியூடர் என்னும் இசைக்கலைஞரின் துணையோடு மூக் கருவி நிறுவப்பட்டது. கீதா சாராபாய் உள்ளிட்ட இந்தியர் அங்கு மின்னணு இசையை ஆராய்ந்தனர்.

திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982இல் பத்து இராகங்களை ஒலித்தொகுப்பிகளிலும் தாள எந்திரத்திலும் இசைத்து இசைத்தட்டாக வெளியிட்டார். ஒரு சுரத்திலிருந்து மற்றொரு சுரத்திற்கு வழுக்கிச் செல்லும் வசதி அக்கருவிகளில் இருந்தது. அதனால் இராகங்களுக்குரிய நழுவல்களை அவரால் வெளிப்படுத்த முடிந்தது. முப்பது ஆண்டுகளுக்கு அண்மையில் மறுவெளியீடு கண்ட பின்னரே அவ்விசை உலகெங்கும் பேசப்பட்டது. வெளிநாட்டுக் கருவியிலும் நம் இசையைத் தேடலாம் என்பதற்கு இவை சான்றுகள்.

கருவியின் உறுப்புகள்

ஒலித்தொகுப்பிகள் பலவகைப்படும். தொடக்கநிலையினர்க்கு ஏற்றது, தேவையற்ற கூறுகளை வடித்து நீக்கி ஒலியை உருவாக்கும் வகை. அதன் உறுப்புகளாவன:

அலையியற்றி: ஒலிக்கு மூலமான அலையைத் தருவது. இரம்பப் பல் போன்ற அலையில் அடிப்படைச் சுருதியின் மேற்சுரங்கள் அனைத்தும் நிறைந்திருக்கும். அது கூர்மையாக ஒலிக்கும். சதுர அலையில் ஒற்றைப்படை எண்ணுடைய மேற்சுரங்களே இருக்கும்; அது உட்குழிந்த ஒலி. முக்கோண அலை குழலைப் போல் மென்மையானது.

வடிகட்டி: குறித்த எல்லைக்கு மேற்பட்ட அதிர்வுகளைக் குறைத்து, ஒலியின் பளபளப்பை அடக்குவது.

பெருக்கியும் வடிவமைப்பானும்: ஒலி எவ்வளவு விரைவில் எழுகிறது, எப்படித் தணிகிறது, எந்த அளவில் நிலைக்கிறது, விரலை எடுத்தபின் எவ்வாறு மறைகிறது என்னும் நான்கு நிலைகளை வரையறுப்பவை. தவில் அடியும் குழலின் ஊதலும் செவிக்கு வேறுபடுவதற்கு இந்நிலைகளும் ஒரு காரணம்.

தாழ் அதிர்வியற்றி: பெரும்பாலும் நொடிக்கு இருபதுக்கும் குறைவாக அசையும் மெல்லலை. தானாக ஒலிக்காமல், மற்ற உறுப்புகளை அசைத்து ஒலிக்கு நடுக்கம் தருவது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, ஒவ்வொரு செயலுக்கும் தனித் திருகு உள்ளதா எனக் காண வேண்டும். 1983இல் வெளிவந்த யமஹா டிஎக்ஸ்7 என்னும் கருவி உலகப்புகழ் பெற்றது. எனினும் திருகுகள் இன்றிச் சிறு திரையின் வழியே அதில் புதிய ஒலியை அமைப்பது கடினமாக இருந்தது; பலரும் ஆயத்த ஒலிகளோடு நிறைவடைந்தனர். கை திருப்புவதும் காது கேட்பதும் ஒரே நொடியில் நிகழ்ந்தால்தான் கற்றல் நிகழும்.

இரண்டாவது, எத்தனை சுரங்கள் ஒருங்கே ஒலிக்க வேண்டும் என்பது. முகவீணையும் நாகசுரமும் ஒரு நேரத்தில் ஒரு சுரத்தையே இசைப்பவை. அத்தகைய இசைக்கு ஒற்றைக்குரல் கருவி போதும். திரையிசையில் வரும் சுரக்கூட்டுகளுக்குப் பல்குரல் கருவி வேண்டும். அதன் விலை பொதுவாக மிகுதி.

மூன்றாவது, சுருதியை வளைக்கும் சக்கரமும் வழுக்கும் வசதியும். ஆர்மோனியத்தால் கமகங்களை வெளிப்படுத்த இயலாது என்பதைக் காட்டி அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை விதித்தது. 1971 வரை அது நீடித்தது. கட்டைகளுக்கு இடைப்பட்ட ஒலியை எட்டும் வழி இல்லாத கருவி, நம் இசைக்கு ஓரளவே பயன்படும்.

நான்காவது, மறைமுகச் செலவு. பல ஒலித்தொகுப்பிகளில் ஒலிபெருக்கி இருப்பதில்லை. செவிப்பேசியோ தனி ஒலிபெருக்கியோ வாங்க வேண்டும். மின்னிணைப்பி கருவிக்கு உரிய மின்னழுத்தமும் முனையமைப்பும் கொண்டதாக இருத்தல் வேண்டும். மாற்றி இணைத்தால் கருவி பழுதாகும். பிறர் பயன்படுத்திய கருவியாயின் ஒவ்வொரு கட்டையையும் அழுத்தி, ஒவ்வொரு திருகையும் மெல்லத் திருப்பி, இரைச்சல் எழுகிறதா எனச் சோதித்தல் நன்று.

பொருட்செலவுக்கு முன் மற்றொரு வழியும் உண்டு. சர்ஜ் எக்ஸ்டி போன்ற ஒலித்தொகுப்பி மென்பொருள்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மடிக்கணினியும் செவிப்பேசியும் இருந்தால் கற்றலைத் தொடங்கலாம். சில மாதம் பழகியபின் ஆர்வம் குன்றாமல் இருந்தால் கருவி வாங்குவது பற்றிச் சிந்திக்கலாம். உழைத்துச் சேர்த்த குடும்பப் பணம் வீணாகாமல் காக்கும் வழி இது.

முதல் மூன்று பயிற்சிகள்

சுருதி: இரண்டு அலையியற்றிகளிலும் இரம்ப அலையை வைத்து ஒரே சுரத்தை ஒலிக்கச் செய்க. ஒன்றை இம்மியளவு உயர்த்துக. ஒன்று நொடிக்கு 220 முறையும் மற்றது 221 முறையும் அதிர்ந்தால், நொடிக்கு ஒருமுறை ஒலி ஏறி இறங்கும். வடிகட்டியைச் சற்றே மூடினால் ஒலி அடங்கிச் சுருதிப்பெட்டியை நினைவூட்டும்.

உடுக்கை: முக்கோண அலையை எடுத்துக்கொள்க. எழுச்சியை உடனடியாகவும் தணிவைக் குறுகியதாகவும் அமைத்து, நிலைப்பை முற்றிலும் நீக்குக. ஒலிக்கும்போதே சுருதிச் சக்கரத்தைச் சட்டென அசைத்திடுக. உடுக்கையின் கயிற்றை இறுக்கித் தளர்த்தும் கலைஞரின் கை செய்யும் வேலை அதுவே.

முகவீணை: இரம்ப அலையை வடிகட்டியின் வழியே பாதி அளவு செலுத்துக. எழுச்சியைச் சிறிது தாமதப்படுத்தி, மெல்லிய நடுக்கம் சேர்க்க. இப்போது சுருதிச் சக்கரத்தால் ஒரு கமகத்தை முயன்று பார்க்க.

மூன்றாம் பயிற்சி எளிதில் நிறைவேறாது. உருவாகும் ஒலி முகவீணையை ஒத்திருக்கும். ஆயினும் அதன் உயிர்ப்பு இராது. மூச்சின் ஏற்ற இறக்கம், சீவாளியைக் கவ்வும் உதடு, துளையைப் பாதி மூடும் விரல் ஆகியவை ஒவ்வொரு நொடியும் ஒலியை மாற்றுகின்றன என்பது அப்போதுதான் புலப்படும். கூத்துக் கலைஞர் இரவெல்லாம் இசைப்பதன் அருமையை இக்கருவி நமக்கு உணர்த்துகிறது.

நம் ஒலியை நாமே செய்வோம்

ஆயத்த ஒலிகளின் பட்டியலில் பியானோவும் கிட்டாரும் எளிதில் கிடைக்கும். முகவீணை கிடைப்பது அரிது. உலகச் சந்தைக்கெனக் கருவி செய்வோர் நம் ஊர்த் திருவிழாவைக் கேட்டிருக்க வாய்ப்பில்லை. கேட்டு வளர்ந்தவர்களே அவ்வொலிகளைப் புதிய கருவிக்குள் கொண்டுசெல்ல முடியும். அவ்வாறு செய்யும் ஒலி, மூலக் கலைஞருக்கு மாற்றாக அமையாமல், அவரிடம் நம்மை மீண்டும் அழைத்துச் செல்ல வேண்டும். முதல் கருவி விலையுயர்ந்ததாக இருத்தல் வேண்டா. கூர்ந்து கேட்கத் தூண்டுவதாக இருந்தால் போதும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பகுதித் திருவிழாவில் கேட்கும் ஓர் இசைக்கருவியின் ஒலி எழுச்சி, தணிவு, நிலைப்பு, மறைவு ஆகிய நான்கு நிலைகளில் எவ்வாறு அமைகிறது என்பதைக் கேட்டு எழுதுக.

2. உங்கள் ஊர் இசைக்கலைஞர் ஒருவரைச் சந்தித்து, தம் கருவியின் ஒலியை அவர் எவ்வாறு மாற்றுகிறார் என்பதை அறிந்து வகுப்பறையில் பகிர்க.

3. ‘புதிய கருவிகள் மரபிசையை வளர்க்கின்றனவா, மறக்கச் செய்கின்றனவா?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.