இடுப்பு மூட்டு வலியும் ஆண்டி முர்ரேயும்

2019 ஜனவரியில் மெல்போர்னில், செய்தியாளர்கள் முன் டென்னிஸ் வீரர் ஆண்டி முர்ரே கண்கலங்கினார். விம்பிள்டனை 2013, 2016 என இருமுறை வென்றவர். தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவர். இடுப்பு மூட்டு வலியால் ஷூ, சாக்ஸ் போடுவதே சிரமமாக இருக்கிறது என்றார். சாக்ஸ் போடும்போது வலிப்பது இடுப்பு மூட்டுத் தேய்மானத்தின் முக்கியமான அடையாளம்.

தொடை எலும்பின் உருண்டைத் தலையும் அது பொருந்தும் குழியும் குருத்தெலும்பால் (வழுவழுப்பான உறை) மூடப்பட்டிருக்கும். அந்த உறை சிதைவதே ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ் (மூட்டுத் தேய்மானம்). வயது, உடல் எடை, பழைய காயம், பிறவியிலேயே மூட்டு சரியாக அமையாதது என்று காரணங்கள் பல.

வலி பெரும்பாலும் தொடை இடுக்கில் தெரியும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே வலிக்கும். முழங்காலுக்கே வைத்தியம் பார்த்து மாதங்களை வீணாக்குவார்கள். சம்மணமிட்டு உட்காரவும் கால் நகம் வெட்டவும் முடியாமல் போகும். காய்ச்சலோடு மூட்டு வலித்தாலோ, விழுந்தபின் காலை ஊன்ற முடியாவிட்டாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மற்றபடி பதற்றம் வேண்டாம். முதலில் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். பிசியோதெரபி (இயன்முறைப் பயிற்சி) மூலம் தொடை, பிட்டத் தசைகளை வலுப்படுத்தி, எடையையும் குறைத்தாலே பலருக்கு வலி தணிகிறது. கைத்தடியை வலிக்காத பக்கக் கையில் பிடியுங்கள். பலர் மாற்றிப் பிடிக்கிறார்கள். சுளுக்கு எடுப்பதாகச் சொல்லி யாரையும் காலை முறுக்கித் திருப்ப விடாதீர்கள். கடையில் நீங்களே கேட்டு வாங்கும் வலி மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடும். படுத்தே கிடந்தால் தசை மெலிந்து வலி கூடும்.

முர்ரேவுக்கு 2018இல் செய்த முதல் அறுவை சிகிச்சை போதவில்லை. 2019 ஜனவரி இறுதியில் லண்டனில் ரீசர்ஃபேசிங் (எலும்புத் தலையை வெட்டி எடுக்காமல், செதுக்கி உலோகத் தொப்பி பொருத்துவது) செய்துகொண்டார். அதே ஆண்டு அக்டோபரில் ஆன்ட்வெர்ப் நகரில் ஒற்றையர் பட்டம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை ஆடினார்.

ஆனால் இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றதன்று. பெரிய, உறுதியான எலும்புள்ள இளவயது ஆண்களுக்கே பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுகிறது. மற்றவர்களுக்கு முழு மூட்டு மாற்று சிகிச்சை நல்ல பலன் தருகிறது. பயிற்சிக்கும் மருந்துக்கும் பிறகும் வலி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தால், எலும்பு மூட்டு நிபுணரிடம் அறுவை சிகிச்சை பற்றித் தயங்காமல் கேளுங்கள்.