குருதி உறைதலில் சிவப்பணுக்கள்

காய்கறி நறுக்கும்போது விரலில் கத்தி பட்டுவிடுகிறது. குருதி கசிகிறது, சில நிமிடங்களில் நின்றும் விடுகிறது. காயத்தின் மேல் கருஞ்சிவப்பாக ஒரு பொருக்கு உருவாகிறது. அப்பொருக்கிற்கு அந்நிறத்தைத் தருபவை சிவப்பணுக்கள். ஆயினும், குருதியை உறையச் செய்பவை யாவை என வினவினால் தட்டணுக்களையும் ஃபைப்ரின் இழைகளையுமே விடையாகக் கூறுகிறோம். வலையில் மீன் அகப்படுவதுபோலச் சிவப்பணுக்கள் ஃபைப்ரின் வலையில் தற்செயலாகச் சிக்கிக்கொள்கின்றன என்பதே நெடுங்காலம் நிலவிய கருத்து. அக்கருத்து முழுமையானதன்று.

குருதிக்குழாயின் உட்சுவர் கிழிந்ததும் தட்டணுக்கள் அவ்விடத்தில் ஒட்டி, ஒன்றுகூடி, ஓர் அடைப்பை ஏற்படுத்துகின்றன. பிளாஸ்மாவிலுள்ள உறைதல் காரணிகள் ஒன்றையொன்று தூண்ட, த்ராம்பின் என்னும் நொதி தோன்றுகிறது. அது கரைந்த நிலையிலுள்ள ஃபைப்ரினோஜனைக் கரையாத ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. இவை நீங்கள் முன்னரே அறிந்தவை.

தட்டணுக்களின் சிறப்பை 1910ஆம் ஆண்டில் உலகுக்கு உணர்த்தியவர் அமெரிக்க மருத்துவர் வில்லியம் டியூக். குருதி நில்லாமல் கசிந்த நோயாளிக்கு மற்றொருவரின் குருதியை அவர் செலுத்தினார். தட்டணுக்களின் எண்ணிக்கை உயர்ந்தது, கசிவு நின்றது. அவர் கண்ட முடிவு சரியானதே. எனினும் அவர் செலுத்தியது முழுக்குருதி. சிவப்பணுக்களும் அதில் இருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

சுவரோரம் ஒதுங்கும் தட்டணுக்கள்

ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் ஏறத்தாழ 50 இலட்சம் சிவப்பணுக்கள் உள்ளன, தட்டணுக்களோ 1.5 முதல் 4 இலட்சம் வரையே. சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர். தட்டணுவின் விட்டம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர். குருதி ஓடும்போது, வளைந்து நெகிழும் இயல்புடைய சிவப்பணுக்கள் குழாயின் நடுப்பகுதியை நிரப்பிக்கொண்டு செல்கின்றன. தேர்த்திருவிழாவில் வீதியின் நடுவே பெருங்கூட்டம் நெருக்கியடித்துச் செல்ல, சிறுவர்கள் திண்ணையோரமாக ஒதுக்கப்படுவதைக் கண்டிருப்பீர்கள். அவ்வாறே தட்டணுக்களும் குழாய்ச் சுவரை நோக்கித் தள்ளப்படுகின்றன. சுவர் கிழியுமானால் அவை அங்கு அருகிலேயே இருக்கின்றன.

சிவப்பணுக்கள் குறைந்தால் இந்தத் தள்ளுவிசையும் குறையும். சிறுநீரகம் செயலிழந்தோரிடம் இதன் விளைவைக் காணலாம். சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் அவர்களுக்குப் போதிய அளவு சுரப்பதில்லை. ஆகவே குருதிச்சோகை உண்டாகிறது. தட்டணுக்களின் எண்ணிக்கை இயல்பாக இருப்பினும், சிறு காயமும் நெடுநேரம் கசியக்கூடும். தட்டணுக்களின் திறன் குன்றுவதும் இதற்குக் காரணமே. ஆயினும், 1980களில் இத்தாலிய மருத்துவர்கள் இத்தகையோருக்குச் சிவப்பணுக்களைச் செலுத்தியபோது கசியும் நேரம் குறைந்தது. குருதிப்போக்குடைய ஒருவருக்குத் தட்டணுக்களை மட்டும் எண்ணிப் பார்ப்பது போதாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சிவப்பணுவின் உதவி தள்ளிவிடுவதோடு முடிவதில்லை. சிவப்பணுவிலிருந்து வெளிப்படும் ஏதோ ஒரு பொருள் தட்டணுக்களை ஒட்டும் இயல்புடையனவாக்குகிறது என்று நார்வே நாட்டு ஆய்வாளர்கள் கண்டனர். அப்பொருள் அடினோசின் டைபாஸ்பேட் என 1961இல் உறுதியாயிற்று. மாரடைப்புற்றோர் பலருக்கு இன்று வழங்கப்படும் குளோபிடோகிரெல் மாத்திரை, இப்பொருள் தட்டணுவைத் தூண்டாதவாறு தடுப்பதே. நார்வே ஆய்வாளர்கள் தேடியது மருந்தை அன்று; சிவப்பணுவின் இயல்பை.

உட்புறம் வெளிப்புறமானால்

சிவப்பணுவின் சவ்வு இரண்டு கொழுப்பு அடுக்குகளால் ஆனது. பாஸ்பாடிடைல்செரின் என்னும் கொழுப்பு, இயல்பான அணுவில் உள்ளடுக்கிலேயே இருக்கும். அணு முதிர்ந்தாலோ சிதைந்தாலோ அது வெளியடுக்குக்கு வந்துவிடுகிறது. அதன்மீது உறைதல் காரணிகள் வந்தமர்கின்றன; த்ராம்பின் விரைந்து தோன்றுகிறது.

கதிர் அரிவாள் குருதிச்சோகையில் நிகழ்வதும் இதுவே. ஹீமோகுளோபினில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறியதால் அணு விறைத்து அரிவாள்போல் வளைகிறது. நெகிழ முடியாத அவ்வணு நுண்குழாய்களில் சிக்குகிறது; சவ்வு சிதைவதால் உறைதலையும் தூண்டுகிறது. நீலகிரிப் பழங்குடியினரிடம் இம்மரபுப்பண்பு இருப்பது 1952இல் கண்டறியப்பட்டது.

தேனடை போன்ற கட்டி

உறைகட்டி உருவானபின் அது சுருங்குகிறது. தட்டணுக்கள் ஃபைப்ரின் இழைகளைப் பற்றி இழுக்க, இடையிலுள்ள சிவப்பணுக்கள் நெருக்குண்டு தம் தட்டு வடிவத்தை இழந்து, தேனடையின் அறைகளைப்போலப் பலமுக வடிவம் பெறுகின்றன. அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனை 2014இல் விளக்கி வெளியிட்டனர். இடைவெளியின்றி அடுக்கப்பட்ட அந்த அணுக்கள் காயத்தை நன்கு அடைக்கின்றன. அதே அமைப்பு காலிலோ நுரையீரலிலோ தேவையின்றித் தோன்றினால், கட்டியைக் கரைக்கும் மருந்து உட்புகுவது கடினமாகிறது. தமனியின் விரைந்த ஓட்டத்தில் தோன்றும் கட்டிகளில் தட்டணுக்கள் மிகுந்திருக்கும். சிரையின் மெதுவான ஓட்டத்தில் தோன்றுபவற்றில் சிவப்பணுக்களே மிகுதி.

சிவப்பணுக்கள் கூடினால்

பாலிசைத்தீமியா வேரா என்னும் நோயில் எலும்பு மச்சை அளவுக்கு மீறிச் சிவப்பணுக்களை உண்டாக்குகிறது. குருதியின் பாகுநிலை உயர்கிறது, ஓட்டம் தளர்கிறது, தட்டணுக்கள் சுவரை நோக்கி மேலும் தள்ளப்படுகின்றன. இந்நோயாளிகள் மூளைத்தாக்கு, மாரடைப்பு ஆகியவற்றுக்கு எளிதில் ஆளாகின்றனர். குருதியை வடித்து எடுப்பது, பழமையானதாகத் தோன்றினும், இதற்கு இன்றும் முதன்மையான சிகிச்சை.

எவ்வளவு வடிப்பது? குருதியின் கன அளவில் சிவப்பணுக்களின் பங்கை ஹீமட்டோகிரிட் என்பர். இத்தாலியில் 365 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு அதை 45 விழுக்காட்டுக்குக் கீழும், மற்றவர்களுக்கு 45 முதல் 50 விழுக்காடு வரையும் வைத்து ஆய்ந்தனர். முடிவு 2013இல் வெளியாயிற்று. இதயம், குருதிக்குழாய் சார்ந்த இறப்பும் பெரிய உறைகட்டிகளும் இரண்டாம் பிரிவில் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தன. சில விழுக்காடு வேறுபாடு அத்துணைப் பெரிய இடைவெளியை உண்டாக்கியது. இந்நோயாளிகளுக்கு மருத்துவர்கள் இன்று குறிக்கும் எல்லை, அந்த 45 விழுக்காடே.