தொலைபேசிக்கு ஒரு நடுவர்

ஆடுபவரே நடுவராகவும் இருந்தால் ஆட்டம் நேர்மையாக நடக்குமா? 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டம் தொலைத்தொடர்பு உரிமை முழுவதையும் அரசுக்கே அளித்தது. 1990களில் தனியாரும் களமிறங்கவே, பொதுவான நடுவர் தேவைப்பட்டார். 1997இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பிறந்தது. அனுமதி தருவது அரசு. கட்டணத்தை நெறிப்படுத்துவது ஆணையம். 2000 முதல் வழக்குகளைத் தீர்ப்பது தனித் தீர்ப்பாயம்.

இதனால் நமக்கென்ன பயன்? சாமல்பட்டியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குப் போனவர் ஓசூரைத் தாண்டினால் வேறு தொலைத்தொடர்பு வட்டம். வீட்டிலிருந்து வரும் அழைப்பை ஏற்பதற்கே நிமிடத்திற்கு 75 காசு வரை கட்டணம் இருந்தது. 2015 மே மாதம் ஆணையம் அந்த உச்சவரம்பை 45 காசாகக் குறைத்தது. ஜூலையில், எண்ணை மாற்றாமலே வட்டம் மாறவும் வழி பிறந்தது.

முடிவெடுக்குமுன் ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கிறது. மாணவ நண்பர்களே, அங்கே எல்லையோர மக்களின் குரலும் ஒலிக்க வேண்டாமா?